ஏரி மாவட்டத்துக் குன்றுகள்



போன வாரம் ஜெர்மனியிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் படங்கள் அனுப்பியிருந்தான். என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவன், இப்போது மியூனிக்கில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் ரயிலேறி டேகர்ன்சே என்ற ஏரிக்கரைக்குப் போய், பக்கத்தில் இருக்கும் வால்பெர்க் மலையில் ஏறுகிறானாம். 1,722 மீட்டர் உயரம். உச்சியில் நின்று கீழே நீலமாகக் கிடக்கும் ஏரியைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, அடியில் இப்படி எழுதியிருந்தான்: "டீச்சர், நம்ம பக்கம் இப்படி ஏரியும் மலையும் இருந்திருந்தா நாமளும் ஏறியிருப்போம் இல்ல?"

படம் அழகாகத்தான் இருந்தது. அந்தக் கடைசி வரிதான் என்னைக் குத்தியது. அவன் மேல் தப்பில்லை. பாடம் நடத்தியது நான். ஆல்ப்ஸ் எங்கே, இமயம் எங்கே என்று சுவர் வரைபடத்தில் குச்சியால் தொட்டுக் காட்டினேன். நாம் உட்கார்ந்திருந்த மண்ணுக்கே "ஏரி மாவட்டம்" என்று பெயர் உண்டு என்பதை அவன் வகுப்புக்குச் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டான். அதனால் விட்டுப்போன பாடத்தை இன்று எழுதுகிறேன்.

பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான் 1997ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019ல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனியானது. இந்தக் கடைசிப் பிரிவினைக்கு முன்பு இருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில், பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்தவை மட்டும் 909 ஏரிகள். ஊராட்சிகளின் சின்ன ஏரிகளும் தாங்கல்களும் குளங்களும் அதற்கு மேல். மழைக்காலத்தில் எத்தனை ஏரி நிரம்பியது என்று செய்தி வாசிக்கிறார்களே, அது நம் கணக்குதான்.

டேகர்ன்சே போன்ற ஏரிகளைப் பனி தோண்டியது. ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கிய பனியாறுகள் பள்ளம் பறித்தன. பனியுகம் முடிந்து அவை உருகிப் பின்வாங்கியபோது பள்ளத்தில் தண்ணீர் நின்றது. நம் ஏரிகளை மனிதர்கள் கட்டினார்கள். நம் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். பாலாறும் செய்யாறும் சில வாரம் ஓடிவிட்டு மணலாகிவிடும். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்காவிட்டால் தை மாதத்துக்கு மேல் பயிர் கிடையாது. ஆகவே சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் மண்கரை போட்டார்கள். வயலுக்கு விட மதகும் தூம்பும், மிச்சம் வழிய கலங்கல். ஒரு ஏரியின் கலங்கலில் வழிவது கீழே இருக்கும் அடுத்த ஏரிக்குப் போகும், அதில் வழிவது அதற்கடுத்ததற்கு. சங்கிலி மாதிரி.

இதில் குன்றுக்கு என்ன வேலை? குன்று கிடைத்த இடத்தில் கரையை அதிலே கொண்டுபோய் முட்ட வைத்தார்கள். பாறை கரையாது, அந்த முனையைக் காக்க ஆள் வேண்டாம். குன்றில் விழும் மழையும் ஓடிவந்து ஏரியில்தான் சேரும். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் வழியில் மாமண்டூருக்குப் போய்ப் பாருங்கள். பல்லவர் காலத்துக் குடைவரைகள் இருக்கும் குன்றை ஒட்டியே பெரிய ஏரி. சித்திரமேகத் தடாகம் என்பது அதன் பழைய பெயர்.

நம் உத்திரமேரூர் ஏரிக்கும் பழைய பெயர் உண்டு: வைரமேகத் தடாகம். வைரமேகன் என்பது தந்திவர்ம பல்லவனின் பட்டம். செய்யாற்றில் அனுமன்தண்டலம் அணைக்கட்டிலிருந்து அதற்குத் தண்ணீர் போகிறது. குடவோலைக் கல்வெட்டை எல்லோரும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருக்கிறீர்கள். முதலாம் பராந்தகன் காலம், 919, 921. முப்பது குடும்புகள், சீட்டு எழுதிக் குடத்தில் போடுவது எல்லாம் நினைவிருக்கும். அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட தனிக்குழு இருந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள்? சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஏரியில் தூர் எடுப்பதற்கென்றே நன்கொடை கொடுத்த கல்வெட்டுகளும் அந்த ஊரில் உண்டு. கட்டிவிட்டால் முடிந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை.

சரி, மலை ஏறியவர்கள் கதைக்கு வருகிறேன். நம் குன்றுகளில் ஏறுவது புதுசு இல்லை. கோயிலுக்காக ஏறினோம். திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூறுக்கு மேல் படிகள். என் அம்மா காலத்தில் உச்சிவேளையில் கழுகுக்குச் சோறு வைப்பதைப் பார்க்கவே கூட்டம் ஏறும். அதே மலையில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் இருந்த டச்சுக்காரர்கள் கடற்கரையிலிருந்து வந்து, மலையேறி, அந்த மண்டபத்தில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றுலா போன இடத்தில் பெயர் கிறுக்காதே என்று உங்களைத் திட்டியிருக்கிறேன். அந்தத் துரைகளைத் திட்ட அன்று டீச்சர் இல்லை.

இன்னொருவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி, அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த பரங்கிமலைப் பக்கம் சமதரையில் சங்கிலி போட்டு ஒரு கோட்டை அளக்க ஆரம்பித்தார். சுமார் ஏழரை மைல் நீளம். அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து, தூரத்தில் தெரியும் உயரமான இடங்களைக் கோணம் பார்த்து, முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளந்தார்கள். ஏழாம் வகுப்பில் கோணமானி வைத்துப் போட்டீர்களே, அதே கணக்குதான். அவருடைய கோணமானி மட்டும் அரை டன் எடை. அதை ஆட்கள் சுமந்துகொண்டு ஏறினார்கள். நம் பக்கத்தில் குன்றுகள்தான் அவருக்கு ஏணி. அந்த அளவைப் பணி பல பத்தாண்டுகள் வடக்கே வளர்ந்து இமயம் வரை போனது. 1850களில் எவரெஸ்ட்தான் உலகிலேயே உயரம் என்று கணக்கிட்டுச் சொன்னது அந்தப் பணியில்தான். உலகத்தின் உச்சியை அளந்த கணக்கு பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்கியது.

வயதிலும் நம் குன்றுகள் குறைந்தவை அல்ல. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல் அது. அதனால் அந்தப் பெயர். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். ஆல்ப்ஸ் மடிந்து எழுந்தது சில கோடி ஆண்டுகளுக்குள்தான். அந்தப் பெரிய மலை நம் சின்னக் குன்றுக்குக் கொள்ளுப்பேரன் முறை கூட ஆகாது.

1991 தை மாதம், பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பழையசீவரம் கூட்டிப்போனேன். காஞ்சிபுரம் வரை பஸ், அங்கிருந்து பாசஞ்சர் ரயில். ஆளுக்கொரு பொட்டலம் புளிசாதம். மலை மேல் நரசிம்மர் கோயில். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம் அங்கே. ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டில் பதினைந்து படுக்கையோடு ஆஸ்பத்திரி நடந்ததை வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு சொல்கிறது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஏறினேன். பிள்ளைகள் பாதிதான் கேட்டார்கள்.

மேலே போனதும் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். கீழே நின்றால் ஏரி என்பது ஒரு மண்கரை, அவ்வளவுதான். மேலே நின்றால்தான் தண்ணீர் தெரியும். அந்த வருஷம் ஏரிகள் நிரம்பியிருந்தன. வெயிலில் தட்டுத் தட்டாக மின்னின. எப்போதும் பின்பெஞ்சில் உட்காரும் பெண் ஒருத்தி கையை நீட்டி, "டீச்சர், ஒரு ஏரி இன்னொரு ஏரிக்குத் தண்ணி குடுக்குது!" என்று கத்தினாள். மூன்று வருஷம் கரும்பலகையில் நான் வரைந்து புரியவைக்க முடியாததை அவள் ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு தூரம் போக முடியாத வருஷங்களில், நம் பக்கத்திலேயே ஒரு மொட்டைப் பாறைக் குன்றுக்குக் கூட்டிப்போவேன். பெயர் வேண்டாம், ஏறினவர்களுக்குத் தெரியும். அடிவாரத்தில் ஒரு தாங்கல். குன்றில் பெய்த மழை வழிந்து அதில் நிரம்பும். ஆடு மேய்ப்பவர்கள் அங்கேதான் தண்ணீர் காட்டுவார்கள்.

போன மார்கழியில் அந்த வழியாகப் போனேன். குன்று பாதிதான் இருக்கிறது. மீதி இருந்த இடத்தில் ஆழமான கல்குவாரிப் பள்ளம். முன்பு தாங்கலுக்கு வந்த தண்ணீர் இப்போது பள்ளத்துக்குள் இறங்கிவிடுகிறது. தாங்கலில் சீமைக்கருவேலம். அது இனி நிரம்புவதற்கு வழியே இல்லை, எவ்வளவு மழை பெய்தாலும்.

வழியில் ஒரு டிப்பர் லாரி நின்றது. "டீச்சர், எங்க இந்த வெயில்ல?" என்று ஓட்டுநர் இறங்கி வந்தான். அந்தக் குன்றில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறியவன்தான். ஓரமாக நிழலில் நிற்கவைத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்தான். இரண்டு பெண்களையும் கல்லூரியில் படிக்கவைக்கிறான். அவனிடம் நான் என்ன சொல்ல? ஓய்வு பெற்ற பணத்தில் நான் போட்ட மாடி ஜல்லியும் எங்கிருந்தோ ஒரு குன்றிலிருந்து வந்ததுதானே. அவனே மெதுவாகச் சொன்னான்: "மேல ஏறினா எல்லா ஏரியும் தெரியும்ல டீச்சர்... எங்க பாப்பாவுக்குக் காட்டலாம்னு நெனச்சேன்." அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

வீடு கட்டவே கூடாது என்று நான் எழுத வரவில்லை. கல் வேண்டும். ஆனால் எந்தக் குன்று எந்த ஏரிக்குத் தண்ணீர் கொடுக்கிறது என்று பார்க்காமல் வெட்டுகிறோம். தூர்ந்த ஏரியைத் தூர் வாரலாம், உடைந்த மதகை மாற்றலாம். வெட்டின குன்றை யாரும் திரும்ப வைக்க முடியாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஊர்க்காரர்கள் ஏரிக்கு ஆறு பேரை நியமித்தார்கள். குன்றுக்கு வாரியம் வைக்கவில்லை. அதற்கு ஆபத்து வரும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

மியூனிக்கில் இருக்கும் என் கண்ணா, நீ ஏறு. நன்றாக ஏறு, குளிருக்குக் காதை மூடிக்கொள். அடுத்த தையில் ஊருக்கு வரும்போது பழையசீவரம் போகலாம். என் முழங்காலுக்குப் பாதிப் படி வரைக்கும்தான் அனுமதி. மீதியை நீ ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்.

மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஊர் ஏரியின் பெயரையும், பக்கத்துக் குன்றின் பெயரையும் கீழே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் வீட்டில் தாத்தா, பாட்டியைக் கேட்டு எழுதுங்கள். குன்று இப்போது இல்லையென்றாலும் பெயரை எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மாகறல்.