ஆட்டுக்குட்டியும் பன்றிக்குட்டியும்: பிறந்த இரவின் சூடு

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் இருக்கிறது ஆமத்தூர். சுற்றிலும் கரிசல். பட்டாசும் தீப்பெட்டியும் இந்த வட்டாரத்தில் வேர்விட்டதற்கு இங்கே அடிக்கும் வெயிலும் வறண்ட காற்றும் ஒரு காரணம். இப்படிப்பட்ட ஊரை வைத்துக் குளிரைப் பற்றிப் பேச இடமுண்டா என்றால், உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரவு வெப்பம் 22 டிகிரி அளவுக்கு இறங்கும். நமக்கு அது ஒரு போர்வைக்கு மேல் கேட்காத குளிர். தாய் வயிற்றுக்குள் 39 டிகிரியில் இருந்துவிட்டு ஈரத்தோடு தரையில் விழும் குட்டிக்கோ, ஒரே நொடியில் 17 டிகிரி வித்தியாசம்.

ஈரம்தான் முதல் எதிரி. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கும் பனிக்குட நீரில் 100 கிராம் காற்றிலேயே காய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கான வெப்பம் முழுவதும் இரண்டரைக் கிலோ குட்டியின் உடம்பிலிருந்தே போய், குட்டி புதிதாக எந்தச் சூட்டையும் உண்டாக்காவிட்டால், உடல் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் சரிந்துவிடும். பெரும்பாலான குட்டிகள் அப்படிச் சரிவதில்லை. தாக்குப்பிடிக்கும் வழியில்தான் ஆட்டின் குட்டியும் பன்றியின் குட்டியும் பிரிகின்றன.

முதலில் ஆடு. இந்தப் பக்கத்துக்கு உரிய செம்மறி, வேம்பூர் ஆடு. தூத்துக்குடி மாவட்டத்து வேம்பூரை மையமாகக் கொண்டு விருதுநகர் மாவட்டத்துக்குள்ளும் பரவியிருக்கும் இனம். வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள். மயிர்தான் உண்டு, கம்பளி கிடையாது. அதனால் குட்டிக்கு மேல்போர்வை மெல்லியது. ஆனால் எல்லாச் செம்மறிக் குட்டிகளையும் போலவே இதற்கும் சிறுநீரகங்களைச் சுற்றிப் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. உடல் எடையில் அது 2 சதவீதம் அளவுதான். அந்தச் சிறு கொழுப்பு செய்யும் வேலை பெரிது.

சாதாரண உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு, உணவை எரித்து, ஒரு சவ்வுக்கு அப்பால் புரோட்டான்களைத் தேக்கி வைக்கிறது. தேங்கியது திரும்பப் பாயும் வழியில் உயிரணுவுக்கு வேண்டிய ஆற்றல் மூலக்கூறு, ஏடிபி, உருவாகிறது. கண்மாய்த் தண்ணீர் மடை வழியே போய் வயலை விளையவைப்பது போல. பழுப்புக் கொழுப்பில் மட்டும் இன்னொரு வாசல் உண்டு: யுசிபி1 என்ற புரதம். அது கண்மாயின் கலுங்கு. திறந்துவிட்டால் தேங்கியதெல்லாம் எதையும் விளைவிக்காமல் ஓடிப் போகும். அதன் ஆற்றல் முழுவதும் சூடாக வெளிப்படும். வேளாண்மையில் அது வீணடிப்பு. பிறந்து ஒரு நாழிகை ஆன குட்டிக்கு அதுதான் உயிர்.

இந்த வாசல் கருப்பைக்குள் சாத்தியே இருக்கும். நஞ்சுக்கொடியிலிருந்து வரும் அடினோசின், புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்கள் அதை அடக்கி வைக்கின்றன. தொப்புள்கொடி அறுந்து, தோலில் குளிர் பட்டதும் நரம்பு முனைகள் நார்அட்ரீனலினைச் சொரிகின்றன, வாசல் திறக்கிறது. கூடவே தசைகளும் நடுங்கத் தொடங்கும். ஆஸ்திரேலியாவில் அலெக்ஸாண்டரும் வில்லியம்ஸும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், கடுங்குளிரில் ஆட்டுக்குட்டி உண்டாக்கும் சூட்டில் நடுக்கத்தின் பங்கும் நடுங்காமல் வருவதன் பங்கும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி என்று தெரிந்தது. ஓய்வில் இருக்கும்போது உண்டாகும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்கு வரை குட்டியால் எழுப்ப முடியும். மூன்று நான்கு வாரத்தில் பழுப்புக் கொழுப்பு சாதாரண வெள்ளைக் கொழுப்பாக மாறிவிடும். குளிரிலும் பட்டினியிலும் செத்த குட்டியை அறுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர் சிறுநீரகத்தைச் சுற்றித்தான் முதலில் பார்ப்பார். கொழுப்பு கரைந்து அந்த இடம் கருஞ்சிவப்பாகியிருந்தால், குட்டி கடைசிவரை போராடியிருக்கிறது என்று பொருள்.

பன்றிக்குட்டியிடம் இந்த ஏற்பாடே இல்லை. ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 2006இல் காட்டியது இது: பன்றிகளின் மூதாதையரிடம் யுசிபி1 மரபணுவின் ஒரு துண்டே அறுந்து போயிருக்கிறது, அது பழுதாகி ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் ஆகின்றன. வெப்ப நாட்டில் வாழ்ந்த அந்த மூதாதையருக்கு அது தேவைப்பட்டிருக்காது என்பது அவர்கள் ஊகம். இழந்தது பன்றி மட்டுமல்ல. யானை, குதிரை, திமிங்கிலம் ஆகியவற்றின் வழிகளிலும் இதே மரபணு செயலற்றுப் போனதாக 2017இல் வந்த இன்னோர் ஆய்வு சொல்கிறது. ஆனால் யானைக்கன்றும் குதிரைக்குட்டியும் பெரிய உடம்போடு பிறப்பவை. பன்றிக்குட்டி ஒன்றரைக் கிலோகூட இருக்காது. மயிர் சொற்பம், தோலுக்கடியில் கொழுப்பு ஏறக்குறைய இல்லை, தாயும் நக்கி உலர்த்தாது. பிறந்த அரைமணி நேரத்துக்குள் உடல் வெப்பம் 2 டிகிரிக்கு மேல் இறங்குவது வழக்கம். அதற்கு இருக்கும் ஒரே உள்வழி நடுக்கம். நடுங்குவதற்கான எரிபொருள், ஈரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன். சீம்பால் கிடைக்காவிட்டால் அது ஒரு நாள்கூடத் தாங்காது.

பிறகு எப்படிப் பன்றியினம் சைபீரியப் பனிவரை பரவியது? என் கணிப்பில் இந்த ஒப்பீட்டின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். பன்றி தன் சூட்டை உடம்புக்கு வெளியே வைத்துக்கொண்டது. சீமைக்கருவேலக் காட்டிலிருந்து வந்து மக்காச்சோளத்தையும் கடலையையும் கிளறிப்போடுகிறது என்று இந்த மாவட்டத்துச் சம்சாரிகள் குமுறும் அதே காட்டுப்பன்றி, குட்டி போடுவதற்கு முந்தின நாள் தனியே ஒதுங்கி, மண்ணைப் பறித்து, புல்லும் சுள்ளியும் கவ்விவந்து கூடு கட்டுகிறது. ஆடு, மாடு, மான் எதுவும் இப்படிக் கட்டுவதில்லை. அந்தக் கூட்டுக்குள் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, பிறந்த சில நிமிடங்களில் காம்பைத் தேடுகின்றன. கூடு, கூட்டம், சீம்பால் மூன்றும் சேர்ந்தால் ஆட்டுக்குட்டியின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்புக்கு ஈடாகும்.

பண்ணைகளில் வளரும் வெண்பன்றியும் இதை மறக்கவில்லை. சிமெண்டுத் தரையில், திரும்பக்கூட முடியாத இரும்புக் கம்பிகளுக்குள் நிற்கும் சினைப்பன்றி, பேறுகாலம் நெருங்கும்போது இல்லாத புல்லை மூக்கால் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு கட்டு வைக்கோலை மறுப்பது, குட்டியின் உடலியக்கத்தில் பாதியைப் பறிப்பதற்குச் சமம். வைக்கோலுக்குப் பதில் விளக்கு போடுகிறோம் என்பார்கள். விளக்கு வேண்டியதுதான், ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிறந்த குட்டி கூடுதல் உழைப்பில்லாமல் இருக்க 34 டிகிரி வேண்டும். தாய்ப்பன்றிக்கு 20 டிகிரி போதும், அதற்கு மேல் மூச்சிரைக்கும். ஆமத்தூரின் சித்திரைப் பகலில் குட்டி சுகமாக இருக்கும், தாய் தவிக்கும். கார்த்திகை இரவில் நேர்மாறு. கொட்டில் முழுவதையும் சூடாக்காமல், ஒரு மூலையில் குட்டிகளுக்கென்று தடுப்பு வைத்து அங்கே மட்டும் விளக்கைத் தொங்கவிடுவதே இருவருக்கும் நியாயம்.

நடுங்காத சூட்டைப் பன்றிக்குத் திருப்பித் தர முடியுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். சீன ஆய்வாளர்கள் 2017இல் எலியின் யுசிபி1 மரபணுவைப் பன்றிக்குள் செலுத்தினார்கள். அந்தக் குட்டிகள் குளிரில் உடல் வெப்பத்தை நன்றாகக் காத்தன, கொழுப்பும் குறைந்திருந்தது. அரிய வேலைதான். ஆனால் நம் ஊர்க் கொட்டிலுக்கு அதைவிட வைக்கோல் பக்கத்தில் இருக்கிறது.

மனிதக் குழந்தையை இந்த இரண்டில் எதனோடு சேர்ப்பது? தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்போடு பிறப்பதால் ஆட்டுக்குட்டியின் பக்கம். ஆனால் அது அநேகமாக நடுங்குவதே இல்லை. ஏறக்குறைய மயிரற்ற தோலோடு பிறப்பதில் பன்றிக்குட்டியின் பக்கம். குறைமாதக் குழந்தைக்கு அந்தக் கொழுப்பும் போதாது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காரு பராமரிப்பு, அதாவது தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் சேர்த்து வைப்பது, குழந்தைக்கு வெளியே ஒரு கூடு கட்டித் தருவதுதான். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கினால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது.

குட்டி போடும் இரவில் கொட்டிலில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு வேலையின் வரிசையையே மாற்றுகிறது. ஆடு என்றால் தாயை நக்கவிட்டு விலகி நிற்கலாம். மழைக்காற்று படாமல் மறைத்து, முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் இறங்குவதை உறுதிசெய்தால் போதும். பன்றி என்றால் காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு குட்டியையும் துணியால் துடைத்து, விளக்கடியில் காயவைத்து, காம்பில் சேர்க்க வேண்டும். ஆட்டிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலாகி, வெப்பமானியில் 37 டிகிரிக்குக் கீழே காட்டி, தலைதூக்க முடியாமல் கிடக்கும் குட்டியின் கொழுப்பு தீர்ந்துவிட்டிருக்கும். அதை அப்படியே அடுப்போரம் கிடத்திச் சூடேற்றினால் எரிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் வலிப்பு வந்து செத்துப்போகும். முதலில் கால்நடை மருத்துவர் வயிற்றறைக்குள் குளுக்கோஸ் ஊசி போட வேண்டும். சூடு அதன் பிறகுதான்.