கழலையும் கணக்கும்

கழுத்தில் எழும் வீக்கத்தைக் கழலை என்றும் கண்டமாலை என்றும் நம் முன்னோர் வழங்கினர். அச்சொற்களுக்குள் பல நோய்கள் கலந்து கிடந்தன. அயோடின் குறைவால் சுரப்பி பருப்பதும் கழலையே. காசநோயால் நெறிக்கட்டிகள் திரள்வதும் கழலையே. தைராய்டுச் சுரப்பியில் தோன்றும் புற்றும் கழலையே. இவற்றைப் பிரித்தறிந்ததும் எண்ணிப் பதிந்ததுமே இந்நோயின் வரலாறு. அவ்வரலாற்றில் சிங்கப்பூர்த் தமிழர் ஒருவருக்கும் சிறந்த இடமுண்டு.

தைராய்டுச் சுரப்பி குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவி அமைந்தது. அதில் எழும் புற்று பெரும்பாலும் நோவு தருவதில்லை. விழுங்கும்போது ஏறி இறங்கும் கட்டியாகவே தென்படும். சிலருக்குக் குரல் கம்மும். சிலருக்குக் கழுத்தின் பக்கத்திலுள்ள நெறிக்கட்டியே முதலில் வீங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதி.

இப்புற்று பரவும் வழி வகைக்கு வகை வேறுபடும். மிகுதியாகக் காணப்படும் முதல் வகை நிணநீர் வழியே கழுத்து நெறிக்கட்டிகளை அடையும். இரண்டாவது குருதி வழியே நுரையீரலையும் எலும்பையும் பற்றும். மூன்றாவது சில குடும்பங்களில் வழிவழியாக வரும். நான்காவது அரியது, முதுமையில் தோன்றி விரைந்து உயிரைப் பறிக்கும். முதலிரு வகையினருள் பெரும்பாலோர் தக்க மருத்துவத்தால் நெடுநாள் வாழ்வர்.

மருத்துவம் வளர்ந்த கதையும் அறியத்தக்கது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் கோக்கர் இச்சுரப்பியை ஆபத்தின்றி அகற்றும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஆனால் முழுவதும் அகற்றப்பட்டோர் நாளடைவில் உடலும் அறிவும் மந்தமடைவதை அவரே கண்டு 1883இல் எடுத்துரைத்தார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று சுரப்பியை இழந்தோர் நாள்தோறும் தைராக்சின் மாத்திரை உண்டு அக்குறையை நீக்கிக்கொள்கின்றனர். அயோடினை விரும்பி ஈர்ப்பது இச்சுரப்பியின் இயல்பு. கதிரியக்க அயோடினைக் கொடுத்தால், உடலில் எங்குப் பரவியிருப்பினும் அவ்வியல்பை இழக்காத புற்றணுக்கள் அதனை ஈர்த்து அழியும். நியூயார்க் மருத்துவர் சைட்லின் குழுவினர் இதனை 1946இல் வெளியிட்டனர்.

சிங்கப்பூரில் 1921இல் பிறந்தவர் பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்தினம்; இன்றைய அதிபர் தர்மனின் தந்தை. நோய்க்குறியியல் அறிஞரான அவர் நுண்ணோக்கியின்கீழ்ப் புற்றுகளை வகைப்படுத்தினார். மூக்குத்தொண்டைப் புற்றை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். அவர் முயற்சியால் 1967இல் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகம் தோன்றியது. 1968 முதல் நாடு தழுவிய கணக்கு தொடங்கியது. சிராங்கூன் சாலை வணிகராயினும் துறைமுகத் தொழிலாளராயினும், புற்றுற்றவர் ஒவ்வொருவரும் அப்பதிவில் ஒரு வரியாயினர். தொடக்கத்தில் மருத்துவர்கள் தாமே விரும்பி அறிவித்தனர். பின்னர் 2007ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கடமையாக்கிற்று. பேராசிரியர் 2018இல் மறைந்தார், பதிவு தொடர்கிறது.

கணக்கால் விளையும் பயன் என்னை? தென்கொரியாவில் 1993க்கும் 2011க்கும் இடையே தைராய்டுப் புற்று பதினைந்து மடங்கு பெருகியதாகக் காணப்பட்டது. இறந்தோர் தொகையோ உயரவில்லை. ஒலியலைக் கருவியால் தேடித் தேடி, தீங்கு செய்யாச் சிறு புற்றுகளையும் கண்டதே பெருக்கத்திற்குக் காரணம். வேண்டாத அறுவைக்குப் பலர் ஆளாயினர். சிங்கப்பூரிலும் இப்புற்றின் எண்ணிக்கை உயர்ந்தது. ஆயினும் இங்குச் சிறு புற்றுகளைக் கண்டதொன்றே காரணமன்று என்பதைப் பல்லாண்டுப் பதிவுகள் காட்டின. நெடுங்கணக்கு இல்லையேல் இவ்வேறுபாடு புலப்படாது.

ஆகவே, எழுந்த கட்டியை நோவில்லை என்று புறக்கணித்தலும் தவறு. குறியொன்றும் இன்றியே புற்றைத் தேடி அலைதலும் தவறு. கட்டி கண்டவர் மருத்துவரிடம் காட்டுக. கழலை என்ற ஒரு சொல்லுள் கிடந்தவற்றை வகைபிரித்து, எண்ணி வைத்தோர் நமக்கு விட்டுச்சென்ற அறிவு இதுவே.