கைகோத்த பேரம்

உத்திரமேரூர் என்றவுடன் குடவோலையே நம் நினைவுக்கு வருகிறது. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவ்வூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியமும் இடம்பெற்றுள்ளது. மேடைகளில் இதைப் பற்றி எவரும் பேச நாம் கேட்டதில்லை! பொன்னைக் கவனிக்க ஊரே ஆளமர்த்தியது சிறிய செய்தியா?

பொன்னுக்கு வாரியம் உண்டு. பேசிய விலைக்குக் காவல் எது? அதற்கு விடை தருபவர் ஒரு சீன முஸ்லிம். செங் ஹோவின் கப்பற்படையில் 1413இல் மொழிபெயர்ப்பாளராகப் புறப்பட்ட மா ஹுவான், கள்ளிக்கோட்டைச் சந்தையைப் பற்றி விரிவாக எழுதிவைத்தார். சீனப் பட்டுகளுக்கு ஒவ்வொன்றாக விலை பேசி முடிந்ததும், அதிகாரியும் செட்டியும் சீனரும் கைகோத்துக்கொள்வர். இனி விலை ஏறினும் இறங்கினும் மாற்றமில்லை எனத் தரகர் அறிவிப்பார். பிறகு செட்டிமார் முத்தும் மணியும் பவளமும் கொணர்வர். அவற்றின் பேரம் விரைந்தால் ஒரு மாதம். இழுத்தால் மூன்று மாதம்! கணக்குப் பார்க்கச் சீனருடைய மணிச்சட்டம் இவர்களிடம் இல்லை. கைவிரலும் கால்விரலுமே கருவி. இம்மியும் பிழை வராததைக் கண்டு அவர் வியந்து போகிறார்.

விற்பவரும் வாங்குபவரும் பிரியும் வரையில்தான் பேரத்தை முறிக்க உரிமையுண்டு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த நெறி. கள்ளிக்கோட்டையின் கைகோப்பில் மா ஹுவான் அதன் சாயலைக் கண்டிருப்பாரோ என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெளிநாட்டார் குவியும் சீனக் கடைவீதிகளிலோ, கடைக்காரர் கணக்குப் பொறியில் ஓர் எண்ணைத் தட்டி நீட்டுகிறார். வாங்குபவர் அதில் பாதியைத் தட்டித் திருப்பித் தருகிறார்.