இரு திசையும் ஓடும் நீர்



மரக்காணத்து உப்பளங்களைக் கடக்கையில் பக்கிங்காம் கால்வாயின் கரையில் சற்றே நின்று பாருங்கள். காலையில் உள்நோக்கி ஓடிய நீர் மதியத்தில் கடலை நோக்கித் திரும்பும். மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் பாயும் ஆற்றின் ஒழுங்கு இதற்கு இல்லை. கடல் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். ஞாயிறன்று ஆலயத்தில் ஒரு திசையிலும், திங்களன்று கடைத்தெருவில் மறு திசையிலும் ஓடும் நம்மை இது நினைவூட்டினால், குற்றம் கால்வாயினுடையது அன்று.

1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய இக்கால்வாய், பின்னர் ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம்வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்டது. உப்பும் விறகும் படகேறிச் சென்னை சேர்ந்தன. 1876–78-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் பகுதியைப் பசித்தவர்களே நிவாரண வேலையாக வெட்டினார்கள். 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் பஞ்ச வேலைகளுக்கு விதித்த கூலி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமே. கால்வாய்க்கோ அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. பிரபு மண்வெட்டி பிடித்ததாக எவரும் சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, கடலோரத்தின் பல இடங்களில் இக்கால்வாய் அலைநீரைத் தன்னுள் வாங்கி, பின்னிருந்தோரைக் காத்தது. பெயரற்ற கைகள் வெட்டிய பள்ளம், அவர்கள் காணாத தலைமுறைக்கு அரணாயிற்று.

எசேக்கியேல் 47-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். ஆலயத்திலிருந்து புறப்படும் நதி கடலையே ஆரோக்கியமாக்குகிறது. உளையான பள்ளங்கள் மட்டும் உப்பாகவே விடப்படுகின்றன. இதை நெடுநாள் சாபமென்றே எண்ணியிருந்தேன். மரக்காணத்தில் வெண்மையான உப்புக் குவியல்களைக் கண்டபின் அவ்வாறு எண்ண இயலவில்லை. உப்பின்றி லேவியராகமத்தின் காணிக்கையும் இல்லை, நம் வீட்டுக் கஞ்சியும் இல்லை.

உணவில் கரைந்த உப்பைக் கண் காண்பதில்லை. அதைச் சுமந்தவரின் பெயரையும் நாம் கேட்பதில்லை. மழைக்காலத்தில் பாத்திகள் நீரில் மூழ்கும்போது அவர் அடுப்பு எரிகிறதா என்றும் விசாரிப்பதில்லை. மல்கியா கூறும் ஞாபகப்புஸ்தகத்தில் பிரபுக்களுக்கெனத் தனிப் பக்கம் இருப்பதாக நான் வாசித்ததில்லை. இந்த வாரம், உங்களுக்காக உழைக்கும் ஒருவரின் பெயரைக் கேட்டறியுங்கள். அப்பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அவர் கூலியைக் குறைக்காதிருங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்களை ஒரே திசையில், உம்மை நோக்கி ஓடச் செய்யும். நாங்கள் மறந்தவர்களை நீர் மறவாதிருப்பதற்காக ஸ்தோத்திரம். ஆமென்.