சிரிக்கவைத்தவனும் சுடப்பட்டவனும்

திரைப்பட வரலாறு பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பெரிய படங்களையே பேசுவர். ஆனால், ஒரு சமூகம் தன்னிடையே வாழ்ந்த சிறுபான்மையினரை எவ்வாறு நோக்கியது என்பதை அறிய விரும்புவோர், அவசர அவசரமாகத் தயாரிக்கப்பட்ட மலிவான படங்களையும் பார்த்தாகவேண்டும். நடமாடும் பிணங்களை வைத்துச் சிரிப்பூட்டிய ஸொம்பிப் படங்கள் அத்தகையவை.

ஸொம்பி என்ற நம்பிக்கையின் தாயகம் ஹெய்ட்டி. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஆபிரிக்க அடிமைகளுக்கு மரணம் ஒன்றே விடுதலையாகத் தோன்றியது. இறந்த பின்னரும் எழுப்பப்பட்டு ஓயாமல் உழைக்க நேரிடுமோ என்பதே அவர்களது பேரச்சம். 1804இல் சுதந்திரம் பெற்ற அந்நாட்டை 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படைகள் ஆக்கிரமித்திருந்தன. 1929இல் வில்லியம் சீபுரூக் எழுதிய பயண நூல் ஸொம்பியை அமெரிக்க வாசகரிடம் கொண்டுசென்றது. 1932இல் 'வைட் ஸொம்பி' திரைக்கு வந்தது. அதில் கரும்பாலையில் உழைக்கும் பிணங்கள் வெறும் பின்னணி. பரிதாபத்துக்குரியவளாகக் காட்டப்பட்டவள் ஒரு வெள்ளையினப் பெண்.

1941இல் மொனோகிராம் என்ற சிறிய நிறுவனம் 'கிங் ஒஃப் த ஸொம்பீஸ்' என்ற நகைச்சுவைப் படத்தை வெளியிட்டது. விமான விபத்தினால் கரீபியன் தீவொன்றில் சிக்கிக்கொள்ளும் மூவரில் ஒருவன் ஜெஃப் என்ற கறுப்பின வேலையாள். அப்பாத்திரத்தில் நடித்தவர் மன்ரன் மோர்லன்ட். எஜமானர்களுக்கு விருந்தினர் அறை, ஜெஃப்புக்குச் சமையலறை. ஆகவே, ஸொம்பிகளை முதலில் காண்பவனும் அவனே. அவன் சொல்வதை எவரும் நம்புவதில்லை. அவனது விழிகள் பிதுங்குவதும் கால்கள் நடுங்குவதும் இரசிகர்களுக்குச் சிரிப்பு. ஆனால், கதையை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும்: அவ்வீட்டில் நடப்பதைச் சரியாகப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவனே!

1942இல் கறுப்பின உரிமை இயக்கத் தலைவர் வோல்டர் வைட், இத்தகைய பாத்திரங்களைக் கைவிடுமாறு ஹொலிவூட் அதிபர்களை வற்புறுத்தினார். கோரிக்கை நியாயமானது. ஆயினும், அதன் விலையைச் செலுத்த நேர்ந்தவர்களுள் மோர்லன்ட் போன்ற கலைஞர்களும் அடங்குவர். பழைய வேடங்கள் அருகின. புதிய வேடங்களோ அவர்களைத் தேடி வரவில்லை. மோர்லன்ட் 1973இல் காலமானார்.

1968இல் ஜோர்ஜ் ரொமேரோ, ஏறத்தாழ 1,14,000 டொலர் செலவில் 'நைற் ஒஃப் த லிவிங் டெட்' படத்தை எடுத்தார். அது நகைச்சுவைப் படமன்று. ஆனால் பின்வந்த ஸொம்பி நகைச்சுவைகள் அனைத்துக்கும் அதுவே ஊற்றுக்கண் எனலாம். அதன் நாயகன் பென்னாக நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர். நடிகர் தேர்வில் அவரே சிறந்து விளங்கினார் என்பதுதான் காரணம் என்று ரொமேரோ கூறிவந்தார். பென் நடுங்கவில்லை, கட்டளையிட்டான். இரவு முழுவதும் பிணங்களோடு போராடிப் பிழைத்தவனை, விடிந்ததும் ஆயுதந்தாங்கிய வெள்ளையினத்தவர் பிணமென்று கருதிச் சுட்டுக்கொன்றனர். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டில் இரசிகர்கள் அக்காட்சியைக் கண்டனர்.

2011இல் கியூபாவில் உருவான 'ஹுவான் ஒஃப் த டெட்' ஸொம்பியை மீண்டும் கரீபியன் மண்ணுக்குக் கொண்டுவந்தது. ஹவானாவின் ஏழைகளே அதன் நாயகர்கள். அவர்களுள் ஒருவன் இரத்தத்தைக் கண்டால் மயங்கிவிழும் கறுப்பினப் பலசாலி. கண்ணைக் கட்டிக்கொண்டு போரிடுகிறான். இங்கும் கறுப்பினத்தவனின் அச்சமே நகைச்சுவையாகிறது. ஆனால், அவன் எவருக்கும் வேலையாள் அல்லன், தோழன். அப்படத்தில் அரசு, அயலார், நாயகன் என எவருமே கேலிக்குத் தப்புவதில்லை.

ஒரு படத்தில் எத்தனை இனத்தவர் தோன்றுகின்றனர் என்று எண்ணுவது எளிது. ஆபத்தை முதலில் கண்டவன் அதைச் சொல்லும்போது அவனை நம்புகிறார்களா, சிரிக்கிறார்களா, சுடுகிறார்களா என்று பார்ப்பதே உண்மையான அளவுகோல். இது திரைக்கு மட்டும் உரியதன்று.