4 பேர் குடும்பத்துக்கு எத்தனை முட்டைக்கோழி போதும்? வீட்டுக் கொல்லையில் வளர்ப்பது எப்படி?

"கொல்லையில பத்து கோழி மேயுது, ஆனா முட்டை என்னவோ கடையிலதான் வாங்குறோம்." கிராமங்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூர், முக்காணி பக்கமும் இதே கதைதான். தாமிரபரணி கரையில் வாழையும், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலைக் கொடிக்காலும் உள்ள ஊர். மேய இடம் இருக்கு, தண்ணீர் இருக்கு. பிறகு ஏன் முட்டை கிடைப்பதில்லை?

நாட்டுக்கோழியின் குணம் அப்படி. 10 முதல் 15 முட்டை வரை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாளில் குஞ்சு பொரித்து, அடுத்த இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடுதான் திரியும். அந்தக் காலம் முழுக்க முட்டை கிடையாது. ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடு, மொத்தம் 40 முதல் 60 முட்டை. அவ்வளவுதான்.

கணக்கு என்ன சொல்லுது?

ஒருவருக்கு ஆண்டுக்கு 180 முட்டை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. 4 பேருக்கு 720 முட்டை. நாட்டுக்கோழியை மட்டும் நம்பினால் 14, 15 பெட்டைகள் வேண்டும். ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா சுமார் 110 முட்டை தரும்; 7 கோழி போதும். அதே நிறுவனத்தின் கிராமப்ரியா 200 வரை இடும். கொல்லை மேய்ச்சலில் கொஞ்சம் குறையும் என்று வைத்தாலும் 5 கோழியில் வேலை முடிந்தது.

ஆனால் கிராமப்ரியா பெரும்பாலும் அடை உட்காராது. அதன் முட்டையில் பொரித்த குஞ்சுகளும் தாய் அளவுக்கு முட்டை இடும் என்று சொல்ல முடியாது. அதனால் 4 கிராமப்ரியா, அடைக்கு ஒன்றிரண்டு நாட்டுப் பெட்டை என்று கலந்து வளர்ப்பது நல்ல வழி. முட்டைக்கு மட்டும் என்றால் சேவலே தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் சேவல். 8, 10 பெட்டைக்கு ஒன்று போதும்.

வேண்டாத நேரத்தில் அடை உட்காரும் கோழிக்கு மூக்கில் இறகைச் செருகிவிடுவது பழைய பழக்கம். பாவம், அது தேவையில்லை. அடியில் காற்றோட்டமான கம்பி வலைக் கூண்டில் சில நாள் தீனி, தண்ணீரோடு வைத்தால் அடை கலைந்துவிடும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஒரு நாள் குஞ்சு வாங்க வேண்டாம். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் கொடுத்து, பல்பு போட்டுக் காக்கணும், சிரமம். 4 வாரக் குஞ்சு வாங்குவதே பாதுகாப்பு. ஏழைப் பெண்களுக்கான அரசின் கோழி வளர்ப்புத் திட்டங்களிலும் 4 வாரக் குஞ்சுகளே தரப்படுகின்றன.

தீனியில்தான் விஷயம் இருக்கு

முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீனி வேண்டும். மேயவிட்டால் பாதியை அதுவே தேடிக்கொள்ளும். மீதிக்கு வெறும் அரிசிக் குருணையை மட்டும் வீசினால் கோழி கொழுக்கும், முட்டை வராது. கம்பு அல்லது மக்காச்சோளம், தவிடு, கொஞ்சம் புண்ணாக்கு என்று கலந்து கொடுக்கணும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நச்சு கல்லீரலைக் கெடுக்கும். பானையில் சாணமும் பழைய சாக்கும் ஈரமாகப் போட்டு, புற்றுக்குப் பக்கத்தில் இரவு கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் தயார். குஞ்சுகளுக்கு அருமையான புரதம், காசும் கிடையாது.

கடலோர ஊர் என்பதால் கருவாட்டுக் கழிவு சுலபமாகக் கிடைக்கும். அங்கேதான் ஆபத்து. உப்புப் போட்ட கருவாட்டைக் கொட்டினால் கோழிக்கு உப்பு நஞ்சாகும். தண்ணீர் தண்ணீராகக் கழிந்து, தள்ளாடிச் செத்துப்போகும். உப்பில்லாமல் காய்ந்த மீன் தூளை மட்டும், அதுவும் கொஞ்சமாக, தீனியில் கலக்கலாம்.

இன்னொன்று சுண்ணாம்புச் சத்து. ஒரு முட்டை ஓட்டுக்கே 2 கிராம் கால்சியம் போகிறது. பற்றாக்குறை வந்தால் தோல்முட்டை இடும், பிறகு முட்டையே நிற்கும். முத்துக் குளித்த கரையில் இதற்கா பஞ்சம்? தீவனக் கடையில் கிளிஞ்சல் தூள் கிடைக்கும். தனிச் சிரட்டையில் வைத்தால் தேவைக்குத் தின்னும். வீட்டு முட்டை ஓட்டையும் கொடுக்கலாம். ஆனால் காயவைத்து நன்றாகப் பொடித்துத்தான். இல்லையென்றால் ருசி கண்டு சொந்த முட்டையையே கொத்தும்.

கூடு எப்படி இருக்கணும்?

பகலில் திரிந்தாலும் இரவில் கூடு கட்டாயம். கீரி, மரநாய், பாம்பு மூன்றும் வரும். ஒரு கோழிக்கு ஒன்றரை சதுர அடி, தரையிலிருந்து 2 அடி உயரம், 4, 5 கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்த உயரம் தாங்கும். 2023 டிசம்பர் 17, 18-ல் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. அந்த மாதிரி வெள்ளத்துக்கு எந்தக் கூடும் தாங்காது. எச்சரிக்கை வந்தால் கோழிகளைப் பஞ்சாரத்தோடு மாடிக்கு ஏற்றுவதுதான் வழி.

கொடிக்காலுக்குள் விட்டால் வேரைக் கிளறும், பக்கத்து வீட்டோடு சண்டை வரும். மருந்து அடித்த நாளில் விடவே கூடாது.

மொத்தமாகச் சாகடிக்கும் நோய்

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரே வாரத்தில் கூடு காலியாவது வெள்ளைக்கழிச்சலால். ஆங்கிலேயர் காலத்தில், 1920-களில், இன்றைய உத்தராகண்டின் ராணிக்கெட் ஊரில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்றும் பெயர். வைரஸ் நோய், வந்தபின் மருந்து கிடையாது. மஞ்சள், மிளகு, சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பதைத் தடுப்பூசிக்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8-வது வாரம் இறக்கையில் ஊசி. சிக்கல் என்னவென்றால், மருந்துக் குப்பி 100 கோழிக்கு மேல் போடும் அளவில்தான் வரும். திறந்தால் ஓரிரு மணி நேரத்தில் முடிக்கணும், ஐஸில் வைத்தே கொண்டுவரணும். 5 கோழிக்காக ஒருவர் வாங்கினால் வீண். தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுவது, இல்லையென்றால் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இலவச முகாமுக்குக் கொண்டுபோவது நல்லது. உங்கள் ஊரில் முகாம் என்றைக்கு என்பதை அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

கோழி உறங்கித் தூங்கி நின்றால், பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால், கழுத்து திருகினால் உடனே தனியாகப் பிரிக்கணும். செத்த கோழியை ஆற்றிலோ வாய்க்காலிலோ வீசாமல், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கணும்.