கண்டியும் பிரித்தானியப் படை அதிகாரியின் சீருடையும்

கண்டி மாநகரிலே தலதா மாளிகைக்கு அண்மையில், மரநிழல் கவிந்த மேட்டிலே, பிரித்தானியப் படையினரின் பழைய இடுகாடு ஒன்று உளது. உவாட்டலூப் போரிலே உயிர் தப்பி, ஈழத்துக் காட்டுக் காய்ச்சலுக்கு 1817இற் பலியான கப்டன் மக்கிளாசன் அங்கே துயில்கின்றார். கல்லறை நிற்கின்றது, அவர் உடுத்த செஞ்சட்டை எங்கே?

பழஞ்சீருடை சேகரிப்போரை வீண்பொழுது போக்குவோர் என எள்ளுவாருமுளர். யாமும் ஒருகால் அவ்வாறே எண்ணினோம். ஆயின் அதிகாரியின் சட்டை, படிக்கத் தெரிந்தவனுக்கு ஓர் ஏட்டுச் சுவடியே. சாதாரணப் போர்வீரனுக்கு அரசு உடை வழங்கிற்று. அதிகாரியோ தம் பணத்தில் தையற்காரரிடம் தைப்பித்துக்கொண்டார். ஆதலின் உட்பையினுள் கடைச்சீட்டும், உரியவர் பெயரும், தைத்த நாளும் காணப்படுதல் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, வீரனது சட்டை மஞ்சிட்டிச் சாயத்தால் மங்கிய செங்கல் நிறம் பெற, அதிகாரியினது கொச்சினில் பூச்சிச் சாயத்தால் ஒளிர்சிவப்பாய் விளங்கிற்று. கழுத்துப்பட்டியின் நிறமும் கைமடிப்பின் நிறமும் படைப்பிரிவைச் சொல்லும். 1803இலே கண்டியிற் காவலிருந்தோருட் சிலர் சேர்ந்திருந்த 19ஆம் பிரிவுக்கு அந்நிறம் பச்சை. அவ்வாண்டு சூன் 24ஆம் நாள் மேஜர் டேவி நகரைக் கைவிட்டுப் புறப்பட்டார். மகாவலியைக் கடக்கவியலாது வட்டபுலுவையில் அகப்பட்ட அவர் படை பெரும்பாலும் அழிந்தது; அவரோ கண்டியரசிற் சிறையிருந்தே மாண்டார்.

1944 ஏப்பிரலிலே மவுண்ட்பேற்றன் பிரபு தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமையகத்தைத் தில்லியினின்று பேராதனைத் தாவரப் பூங்காவுக்கு மாற்றினார். செம்மை போய்க் காக்கி வந்து, பர்மாக் காட்டுப் போருக்கெனக் காக்கியும் போய்ப் பச்சை வந்த காலம் அது. தீயினின்று எழும் பீனிக்சுப் பறவை அத்தலைமையகத்தின் சின்னம். அச்சின்னம் தைத்த சட்டை கிடைத்தால், பித்தானிலுள்ள முடியை முதலில் நோக்குக. 1901 முதல் எலிசபெத்து அரசியார் காலம் வரை முடியின் மேல்வளைவு குவிந்திருந்தது. 1953இன் பின் நடுவே தாழ்ந்தது. 1944இற் பேராதனையில் உடுத்த சட்டையிலே தாழ்ந்த முடி இருப்பின், அப்பித்தான் பிற்காலத்தில் ஒட்டியது. 2022இல் மூன்றாம் சாள்சு மன்னர் மீண்டும் குவிந்த முடியையே தெரிந்தமையால், இவ்வளவையும் இனித் தனித்து நில்லாது.

மலைநாட்டின் ஈரக் காற்றிலே கம்பளியை அந்துப்பூச்சி அரிக்கும், பொற்சரிகை கறுக்கும். இவற்றினும் பெருங்கேடு சேகரிப்போரின் ஆர்வத்தால் விளைகின்றது. களிம்பு போகத் தேய்ப்பர். இழந்த பித்தானுக்கு வேறொன்று தைப்பர். மூன்று சட்டைகளைக் கூட்டி முழுமையான ஒன்றை ஆக்குவர். அரிப்புண்ட மெய்ச்சட்டையே எமக்கு அதனினும் மேலானது.

கண்டி அரியணையை வென்றோர் இங்கிலாந்துக்குக் கொண்டேகினர். 1934இலேதான் அது மீண்டது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்திலுள்ள அதனை எவரும் ஐயுறார். அது சென்ற வழியும் வந்த வழியும் எழுத்திலே உள. சட்டைக்கும் அவ்வாறே, எவர் வீட்டுப் பெட்டியிலிருந்து, எந்நாள், எவர் கைவழிக் கிடைத்தது என ஒரு தாளிற் குறித்து அதனுடன் வைத்தல் வேண்டும். பெட்டியில் வேப்பிலை இடுமுன்னரே அதனைச் செய்தல் நன்று.